ஆமை பார்க்கப் பிளேன் ஏறின கதை

உப்புவெளிக்காரன்:
மகள் சீஷெல்ஸில் வேலை. போன வருஷம் எங்களையும் கூப்பிட்டாள். பெரிய ஆமை இருக்கிற தீவுக்குக் கூட்டிப்போறாள் என்று சொன்னதும் அம்மா சிரிச்சா. "ஆமை புகுந்த வீடு உருப்படாதெண்டுவினம், நீங்கள் ஆமையின்ர வீட்டுக்கே போறியளோ?"

அங்கத்தைய பிராலின் தீவிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான் கியூரியூஸ் தீவு. இறங்கின இடத்திலேயே, கோயில் வீதியில் மாடு படுத்திருக்கிற மாதிரி மர நிழலில் ஏழெட்டுக் கிடந்தன. பெரிய ஆண் ஆமை இருநூறு கிலோவைத் தாண்டுமாம். கிட்டப் போனேன், 'உஸ்ஸ்' என்று மூச்சை விட்டுத் தலையை உள்ளே இழுத்தது. காவலர் கழுத்தடியைச் சொறியச் சொன்னார். தோல் காய்ந்த மாட்டுத்தோல்தான். சொறியச் சொறிய நாலு காலையும் ஊன்றி மேசை மாதிரி எழும்பி, கழுத்தை முழுக்க நீட்டி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது. எங்கட வீட்டுப் பூனை தோற்றுப்போகும்!

அந்தத் தீவுகளில் முந்தி இருந்ததையெல்லாம் கப்பல்காரர் பிடித்துத் தின்று முடித்துவிட்டார்கள். தீனி, தண்ணி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதுவே அதுக்கு வினை. இப்ப நிற்பவை 1978க்கும் 1982க்கும் இடையில், ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழி. அதிலும் நிறையக் களவு போனதாம். அதனால் குஞ்சுகளைச் சில வருஷம் அடைப்புக்குள் வளர்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். உள்ளங்கை அளவுக் குஞ்சு ஒன்று இலையைக் கவ்வி இழுத்துப் பின்பக்கமாய் விழுந்ததை மனுசி இன்னும் சொல்லிச் சிரிப்பா.

நிலாவெளிப் படகு:
அண்ணை, உங்கட ஆமையைச் சொறியலாம். எங்கட புறாத்தீவில கடலாமையைத் தொட விடமாட்டம், 2003இல தேசிய பூங்காவாக்கின இடம். போன சீசன் அழுங்காமை ஒண்டு முன்துடுப்பில நைலோன் வலைத்துண்டு இறுகி மிதந்தது. தம்பி பிடிச்சுக்கொண்டான், நான் கத்தியால அறுத்தன். அண்டைக்கு மட்டும்தான் தொட்டனான். விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்கேல்ல. ஆக்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான்: முருகைக்கல்லில ஏறி நிக்காதையுங்கோ. கேட்டாத்தானே!

குச்சவெளிப் பிள்ளை:
சின்னனில எங்கட வீட்டில ஆமை இறைச்சி காய்ச்சினவை. 1972இலேயே சட்டம் தடுத்திட்டுது, ஆனா வாடியில ஒளிச்சுக் கொண்டுவருவினம். ஒருநாள் முற்றத்தில மல்லாத்திப் போட்டிருந்தது. கண்ணால தண்ணி வடிஞ்சுகொண்டே இருந்தது. அழுகுதெண்டு நினைச்சு நான் சோத்துக்கோப்பையைத் தள்ளிப்போட்டன். உடம்பில இருக்கிற உப்பை அப்பிடித்தான் வெளியில விடுமெண்டு பள்ளிக்கூடத்தில பிறகு படிச்சன்.

அதுக்குப் பிறகும் சாப்பிடேல்ல.