'விலங்கு மாதிரி' வேண்டாம். 'பதிலி ஓம்புயிரி' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் drug target என்பதற்கு 'மருந்திலக்கு' என்றும், நோயையும் மருந்தையும் சோதிக்க மனிதருக்குப் பதிலாகப் பயன்படும் உயிருக்கு (animal model) 'விலங்கு மாதிரி' என்றும் வரையறைகளோடு முன்மொழியப்பட்டிருப்பது பற்றி எழுதுகிறேன்.

மருந்து சென்று பற்றும் மூலக்கூறுக்கு 'மருந்திலக்கு' என்ற சொல்லை ஏற்கிறேன். 'இலக்குப் புரதம்' என்ற மாற்று பொருந்தாது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளில் ஜென்டாமைசின் பற்றுவது, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வை, வான்கோமைசின் பற்றுவது பாக்டீரியாவின் செல்சுவருக்கான மூலப்பொருளை. இரண்டும் புரதங்கள் அல்ல.

என் மறுப்பு 'விலங்கு மாதிரி' மீதுதான். 'விலங்கு மாதிரிகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன' என்று படிப்பவருக்கு இரத்தமும் சளியும்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு, இத்துறையில் எலியோடு உருளைப்புழுவும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவும் பயன்படுகின்றன. அந்துப்பூச்சிப் புழு 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கும். ஊசிவழி பாக்டீரியாவைச் செலுத்தினால், தொற்று முற்ற முற்ற வெளிறிய உடல் கறுத்துக்கொண்டே வரும். அதை விலங்கு என்று சொல்லத் தமிழ்க் காது ஒப்பாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'மாதிரி' என்றால் சும்மா இருக்கும் பொருள் என்றாகிவிடுகிறது. தொற்றில் அந்த உயிர் சும்மா இருப்பதில்லை. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களை வீழ்த்தப் புதிய மருந்திலக்கு தேடியவர்கள், அவை கொழுப்பு அமிலம் தயாரிக்கும் வழியை அடைத்துவிடலாம் என்று நம்பினார்கள். ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்கும் தட்டில் அது பலித்தது. ஆனால் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வழிக்குரிய மரபணுக்கள் நீக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியா எலிகளில் வீரியம் குன்றாமல் நோயை உண்டாக்கியது. தேவையான கொழுப்பு அமிலத்தை அது இரத்தத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. அது சேர்ந்த 'கிராம் நேர்' (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறம் காட்டும்) பிரிவின் எல்லா வகைப் பாக்டீரியாவுக்கும் இது பொருந்துமா என்று பிறகு கடும் விவாதம் நடந்தது. எப்படியாயினும், தட்டில் இன்றியமையாதது உடலிலும் இன்றியமையாததாக இருக்க வேண்டியதில்லை என்பது தெளிவாகிவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1995இல் ஆய்வாளர் டேவிட் ஹோல்டன் குழுவினர் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின், மரபணு சிதைக்கப்பட்ட திரிபுகள் ஒவ்வொன்றிலும் தனித்தனி டி.என்.ஏ. அடையாளம் பொறித்து, கூட்டமாக எலிக்குள் செலுத்தினார்கள். பின்னர் மண்ணீரலிலிருந்து மீட்டவற்றில் எந்த அடையாளங்கள் காணாமல் போயின என்று பார்த்தார்கள். காணாமல் போனவை தட்டில் நன்றாக வளர்ந்தவைதான். உடலுக்குள் பிழைக்கத் தேவையான மரபணுவை மட்டும் இழந்திருந்தன. அத்தகைய மருந்திலக்குகளைத் தட்டை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே தொற்றாய்வில் 'பதிலி ஓம்புயிரி' என்று எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். மனிதருக்குப் பதிலாக நிற்பது பதிலி. நுண்ணுயிருக்கு இடமும் உணவும் தந்து ஓம்புவது ஓம்புயிரி. கொழுப்பு அமிலக் கதையில் நடந்ததும் இந்த ஓம்புதல்தானே! ஒட்டுண்ணியியலில் உள்ள 'இடைநிலை ஓம்புயிரி'யோடு (ஒட்டுண்ணி தன் வளர்ச்சியின் ஒரு கட்டத்தை மட்டும் கழிக்கும் உயிர்) குழம்பும் என்ற அச்சம் வேண்டியதில்லை. அது இயற்கையில் அமைவது. பதிலி ஆய்வாளர் தேர்ந்தெடுப்பது.

நீரிழிவு, புற்றுநோய் ஆய்வுகளில் நுண்ணுயிரை ஓம்புதல் என்ற பேச்சு பொதுவாக இல்லாததால், இச்சொல்லை அங்கே திணிக்க வேண்டாம். 'மாதிரி விலங்கு' என்று முன்பின் மாற்றினாலே போதும். தொற்று பற்றிய வரையறையை மட்டும் இப்படித் திருத்தலாம்: 'மருந்திலக்கு ஒன்று பதிலி ஓம்புயிரியின் உடலுக்குள்ளும் பாக்டீரியாவுக்கு இன்றியமையாததா என்று சோதித்த பிறகே அதற்கான மருந்தைத் தேடத் தொடங்குவது நல்லது.'