86 டெசிபல் எங்கே போனது?

காற்றியல் ஒலி சிமுலேஷனில், அதாவது காற்றோ நீரோ ஓடும்போது எழும் ஒலியைக் கணினியில் கணிப்பதில், அலகுகளோடு மல்லுக்கட்டியவர்கள் எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

நீரோட்டத்தில் நிற்கும் ஓர் உருளை எழுப்பும் ஒலிதான் கணக்கு. எங்கள் கணிப்பு ஹைட்ரோபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) அளவீட்டைவிட 86 டெசிபல் குறைவாக வந்தது. மெஷ் (கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) போதாது என்றார் ஒருவர். கொந்தளிப்பு மாதிரியை மாற்றச் சொன்னார் இன்னொருவர். இரண்டையும் மாற்றிப் பார்த்தோம், எண் அசைந்து கொடுக்கவில்லை. ஒலி அளவீட்டில் பழம் தின்று கொட்டை போட்ட மூத்த பொறியாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "86 என்றால் அறுபதும் இருபத்தாறும். இதை இயற்பியலில் தேடாதீர்கள்" என்றார்.

நாங்கள் பயன்படுத்திய ஓட்டக் கணிப்பு மென்பொருளான ஓப்பன்ஃபோமின் அமுக்கமுறா (அடர்த்தி மாறாத) ஓட்டத் தீர்விகள் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தே வைத்திருக்கும். தண்ணீரின் 1000-ஐத் திரும்பப் பெருக்காவிட்டால் 60 டெசிபல் காணாமல் போகும். மீதி 26 குறிப்பழுத்தத்தால், அதாவது டெசிபல் கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் அழுத்தத்தால் வந்தது: காற்றில் 20 மைக்ரோபாஸ்கல், நீரில் 1. எங்கள் கைக்கு வந்த டெம்ப்ளேட் காற்றுக்கு எழுதியது. அந்தப் பெருக்கல் அப்போதும் அதில் இல்லைதான். ஆனால் காற்றின் அடர்த்தி 1.2, பிழை வெறும் 1.6 டெசிபல். யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?

*

60 டெசிபல் பிழை என்றால் கண்ணைக் குத்தும். என்னைப் படுத்தியெடுத்தது வெறும் 12. இரண்டு குழுக்களின் நிறமாலைகளை (அதிர்வெண்வாரியான ஒலி வரைபடங்களை) ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது சுழல் உதிர்வின், அதாவது உருளைக்குப் பின்னால் சுழல்கள் மாறிமாறிப் பிரிவதன், கூர்முனை அச்சாகப் பொருந்தியது. பின்னணி இரைச்சல் மட்டும் ஒன்றில் 12 டெசிபல் உயர்ந்து நின்றது. இரண்டு அச்சுகளிலும் 'டெசிபல்' என்று மட்டுமே போட்டிருந்தார்கள். ஒன்றின் அதிர்வெண் இடைவெளி 1 ஹெர்ட்ஸ், மற்றதில் 16. இடைவெளி அகன்றால் இரைச்சல் ஏறும், தனிச் சுரம் ஏறாது. ஒரு ஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்று மாற்றினால் நேர்மாறு: இரைச்சல் பொருந்திவிடும், கூர்முனை விலகும். ஆகவே எது பொருந்துகிறது, எது விலகுகிறது என்பதே துப்பு. பாஸ்கல் வர்க்கமா, ஹெர்ட்ஸுக்குப் பாஸ்கல் வர்க்கமா என்று சொல்லாத வரைபடத்தை இப்போது நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

*

பரிமாணமற்ற (அலகுகளை வகுத்து நீக்கிவிட்ட) நிரல்களோடு மாரடிப்பவன் நான். அழுத்தத்தை அடர்த்தி, ஒலிவேக வர்க்கம் இரண்டின் பெருக்கலால் வகுப்பவர்கள் உண்டு; ஒலிவேகத்துக்குப் பதில் ஓட்டவேகத்தை வைப்பவர்களும் உண்டு. மாக் எண் (ஓட்டவேகம் ஒலிவேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.1 என்றால் இவ்விரண்டுக்கும் நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் வித்தியாசம். விளக்கக் குறிப்பு இல்லாத நிரல் வந்தால் முதலில் தொடக்கக் கோப்பில் சுற்றுப்புற அழுத்தத்தைப் பார்ப்பேன். 0.714 என்றிருந்தால் ஒலிவேகக் கணக்கு, அது 1/1.4; 1.4 என்பது காற்றின் வெப்பக் கொள்திறன் விகிதம். இன்னொரு சோதனை, உருளையின் ஸ்ட்ரூஹால் எண்: சுழல் உதிர்வின் அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி ஓட்டவேகத்தால் வகுத்தது. 0.2 வரவேண்டிய இடத்தில் 0.02 வந்தால் சுழல்கள்மேல் பழி போடாதீர்கள்; ஓட்டவேகத்துக்குப் பதில் ஒலிவேகத்தால் வகுத்திருக்கிறீர்கள்.

*

பொருளின் வடிவத்தைச் சுமந்துவரும் எஸ்டிஎல் (STL) கோப்பை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதில் அலகு எழுத இடமே கிடையாது. எங்களுக்கு வந்த 10 மில்லிமீட்டர் உருளையை மென்பொருள் 10 மீட்டராக எடுத்துக்கொண்டது. விநாடிக்கு 34 மீட்டர் காற்றில் 680 ஹெர்ட்ஸில் பாட வேண்டியது 0.68-இல் முனகியது. கோப்பை அனுப்பியவரிடம் மில்லிமீட்டரா மீட்டரா என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் மெஷ் போடுவதற்கு முன் விட்டத்தை அளந்துவிடுங்கள்.