பதில்: அப்ஸ்ட்ரீமுக்கு ‘மூலம்’ வேண்டாம், ‘மேல்மடை’ வைப்போம்

வணக்கம் நண்பர்களே,

நம் கணினிச் சொற்பட்டியலுக்கு அப்ஸ்ட்ரீம் (upstream) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஒரு மென்பொருளை நாம் யாரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோமோ அந்தத் தரப்புதான் அப்ஸ்ட்ரீம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> அப்ஸ்ட்ரீம் = மூலம். சுருக்கமாக இருக்கிறதே, இதையே வைத்துக்கொள்ளலாமா?

சுருக்கம்தான், ஆனால் ஒத்துவராது அக்கா. சோர்ஸ் கோடுக்கு மூலநிரல் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். அப்ஸ்ட்ரீமும் மூலம் என்றால் ‘மூலத்தின் மூலநிரல்’ என்று எழுத வேண்டிவரும். முன்பு வந்த ‘மேலோட்டம்’ இன்னும் சிக்கல், மேலோட்டமாகப் பார்த்தேன் என்கிற பொருள்தான் முதலில் தோன்றும்.

சொல் எங்கே போய் உட்காரப் போகிறது என்று பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) ஒன்றை, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் பராமரிக்கும்போது வழக்கமாக இரண்டு கிளைகள். ஒன்றில், நிரலை எழுதியவர்கள் வெளியிட்டது அப்படியே இருக்கும், நாம் கைவைக்கக் கூடாது. இன்னொன்றில் அதே நிரலோடு ‘டெபியன்’ என்ற அடைவும் (கோப்புறை) சேர்ந்திருக்கும்: கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக் கோப்புகள், அப்புறம் பேட்சஸ் அடைவுக்குள் நம் ஒட்டுகள் (நிரலில் நாம் செய்யும் திருத்தங்கள்), அவை எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று சொல்லும் சீரிஸ் கோப்பு. புதுப் பதிப்பு வந்தால் முதல் கிளையில் இறக்கி, இரண்டாவதோடு இணைத்து, ஒட்டுகள் இன்னும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதிப்பெண் 2.4-1 என்றால் கோட்டுக்கு முன்னால் இருப்பது அவர்கள் கொடுத்தது, பின்னால் இருப்பது நம் வேலையின் கணக்கு. அந்த ‘அவர்கள்’தான் மேல்மடையார், முதல் கிளை மேல்மடைக் கிளை.

செய்தித்தாளில் அடிக்கடி வரும் தலைமடை, கடைமடையே போதாதா என்றால், அவை இரண்டும் கால்வாயின் இரு முனைகள். டெபியன் முனையில் இல்லை. நிரல் எழுதியவருக்கு அது கீழ்மடை, டெபியனை வைத்து உருவாக்கப்படும் உபுண்டுவுக்கு அதுவே மேல்மடை. யாரை வைத்துப் பேசுகிறோமோ அவருக்கேற்ப மாறுகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

வயலே பார்க்காத வடசென்னைப் பிள்ளைகளுக்கு மடை எப்படிப் புரியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தண்டையார்பேட்டை வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம். மழைக்காலத்தில் பூண்டி ஏரியின் மதகைத் திறந்தால் கொசஸ்தலையாறு தங்கள் தெருவுக்கு என்ன கொண்டுவரும் என்று நன்றாகவே தெரிந்தவர்கள். மேலே திறப்பது கீழே வந்து சேரும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தண்ணீர் மேலேறாதே, ஒட்டு மேலேற வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. ‘மேல்மடைக்கு அனுப்பு’ என்று வினையாகவே பழக்கிவிடலாம், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒட்டை நம்மிடமே வைத்திருந்தால் ஒவ்வொரு பதிப்புக்கும் அதைச் சுமக்க வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் சீரிஸில் ஒரு வரி குறையும், மற்ற லினக்ஸ் வெளியீடுகளுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும்.

சொல் தாங்குமா என்று 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் பின்கதவை (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் ஒளித்துவைத்த திருட்டு வழியை) வைத்து எழுதிப் பார்த்தேன்: ‘பின்கதவைத் தூண்டிவிடும் வரிகள் மேல்மடையார் வெளியிட்ட 5.6.0, 5.6.1 டார் தொகுப்புக் கோப்புகளில் இருந்தன, மேல்மடையின் கிட் களஞ்சியத்தில் இல்லை.’ இதே வாக்கியத்தில் மூலம் என்று போட்டுப் படியுங்கள், எது எங்கே இருந்தது என்றே பிடிபடாது.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.