மறு: ‘லாக் லெவல்’: ‘பதிவு நிலை’ பொருந்துமா?

> ‘லாக் லெவல்’ = பதிவு நிலை. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. ‘லாக்’ என்பது கணினிச் சேவை தன் செயல்களை எழுதி வைக்கும் வரிகள்; ‘லாக் லெவல்’ எந்த அளவுக்கு எழுதுவது என்ற அமைப்பு. ‘பதிவு நிலை’ புரியும், ஆனால் வேறொன்றாக. சிங்கப்பூரில் ‘பதிவு’ என்றதும் பெயர்ப் பதிவுதான் நினைவுக்கு வரும். திரையில் ‘பதிவு நிலை’ என்றிருந்தால் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றே பார்ப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் திசை. சிஸ்லாக்கில் (லாக் வரிகளுக்கான பொது நெறிமுறை) 0 பேராபத்து, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 தகவல், 7 டீபக் (வழு தேட உதவும் நுணுக்க வரி). எண் ஏற ஏற முக்கியம் குறைகிறது, பேச்சு கூடுகிறது. பின்னணிச் சேவை ஒன்று டீபக் வரிகளைக் கொட்டி வட்டை அடைக்கும்போது ‘நிலையைக் குறைக்கவும்’ என்று எழுதினால், 7லிருந்து 4க்கு வருவதா, எச்சரிக்கையிலிருந்து டீபக்குக்கு இறங்குவதா? இரண்டாவதைச் செய்தவர் கதி அதோகதி.

என் முன்மொழிவு: லாக் = நிகழ்குறிப்பு (வினைத்தொகை, ஒற்று மிகாது). லெவல் = விரிவு. ‘விரிவைக் குறை’ என்பதற்கு ஒரே பொருள்தான்.

-----

> லெவல் = விரிவு

ஏற்கிறேன், பாதியளவுக்கு. லினக்ஸில் லாக்கைப் படிக்கும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் ‘-பி வார்னிங்’ (எச்சரிக்கையும் அதைவிடக் கடுமையானவையும்) கொடுத்துத் தேடும்போது நாம் வடிகட்டுவது விரிவை அல்ல, கடுமையை. எனவே இரண்டு சொற்கள் வேண்டும். கையேட்டில் இப்படி வரும்:

“முதலில் சேவையின் சொந்த அமைப்பில் விரிவைக் குறைக்கவும். அதற்கு வழியில்லையென்றால் சேவையின் அமைப்பைத் திருத்தும் ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கட்டளை மூலம் [சர்வீஸ்] பகுதியில் ‘லாக்லெவல்மேக்ஸ்=இன்ஃபோ’ சேர்த்து, சேவையை மறுபடி தொடங்கவும். இது கடுமை குறைந்த வரிகளைச் சேமிக்காமல் தள்ளும்; சேவை அவற்றை எழுதுவது நிற்காது, செயலிச் சுமையும் குறையாது. பழைய கோப்புகளை நீக்க ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையில் முதலில் ‘--ரொட்டேட்’ (நடப்புக் கோப்பை மூடிப் புதியது தொடங்கும்), பிறகு ‘--வேக்யூம்-சைஸ்=200எம்’. நடப்புக் கோப்பை வேக்யூம் தொடாது.”

வட்டு நிறையாவிட்டாலும் சும்மா விடக்கூடாது. லாக்கைச் சேமிக்கும் ஜர்னல்டி இயல்பாக ஒரு சேவைக்கு 30 விநாடியில் 10,000 வரிகள் என்று வரம்பு வைக்கிறது (வட்டில் காலியிடம் மிகுந்தால் வரம்பும் கூடும்). அதைத் தாண்டினால் மிஞ்சும் வரிகள் தொலையும்; சேவை எல்லா வரிகளையும் ஒரே கடுமையில் எழுதினால் உண்மையான பிழை வரியும் அவற்றோடு போகும்.

-----

> டீபக் = வழுநீக்கம்

இது வேண்டாம். ‘வழுநீக்கக் குறிப்பு’ என்றால் வழு நீங்கிவிட்டது போலிருக்கிறது. ‘துப்பு’ போதும்: துப்பறிய உதவும் வரி. எச்சில் நினைவு வருமே என்பார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் வரி துப்பும் சேவைக்கு அதுவும் பொருத்தம்தான்.

கடுமை, விரிவு பிரிப்புக்குத் தொலைநுழைவுச் சேவையான எஸ்எஸ்ஹெச்டியே சான்று. அதில் டீபக்1, 2, 3 என மூன்று உண்டு. மூன்றும் சிஸ்லாக்குக்கு 7ஆகத்தான் போகின்றன. கடுமை ஒன்று, விரிவு மூன்று. ‘நிலை’ என்ற ஒரே சொல்லால் இதை எழுதிப் பாருங்கள்.