புதுப்பிப்பு: நடு அறைச் சுவர்ப் பூஞ்சணம், காரணம் பிடிபட்டது

மார்கழி மழை நேரம் கேட்டிருந்தேன்: மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் கூரை ஒழுக்கில்லை, குழாய்க் கசிவில்லை, ஆனாலும் நடு அறைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், அலுமாரிக்குள் பூசண மணம்.

காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. படுக்கையறை ஏசியை இரவிரவாக 18இல் விட்டிருந்தோம். சுவர் குளிர்ந்துபோக, நடு அறையின் ஈரக்காற்று அதில் பட்டு நீராகியிருக்கிறது. ஐஸ் தண்ணீர்க் கோப்பையின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். போதாததற்கு மழை நாளில் உடுப்புகளையும் அங்கேதான் காயப்போட்டோம். ஈரப்பதமானி வாங்கி வைத்தேன், 85 சதவீதம் காட்டியது!

இப்போது ஏசி 26, கூடவே மின்விசிறி. உடுப்புக் கொடி பின் விறாந்தைக்குப் போய்விட்டது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். யன்னலை எந்நேரமும் திறந்து வைக்கச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரம், வெயில் எறிக்கும் மத்தியானத்தில் மட்டும் திறப்பதே சரி. சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பெயின்ட் அடித்தேன்.

மானி இப்போது 65. இப்போது வீசும் வறண்ட கச்சான் காற்றும் உதவுகிறது, அதனால் அடுத்த மாரியில்தான் உறுதியாகச் சொல்வேன்.

அம்மாவின் கூறைச்சேலையில் மட்டும் கறை போகவில்லை. வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.