தசை பயாப்ஸி: துண்டு எங்கே கெடுகிறது?

ஆய்வகத்திலிருந்து

மயோசைட்டிஸ் (தசை அழற்சி நோய்) சந்தேகத்தில் வரும் தசைத் துண்டில், நார்களுக்குள் ஸ்பாஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அவசரப்பட்டால் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் (நாருக்குள் குழி விழும் வகை) என்று எழுதிவிடத் தோன்றும். பாதி கதை உறையவைத்த விதத்தில் இருக்கிறது. பல நேரம் அது உறையும்போது ஐஸ் படிகம் விட்டுப்போன ஓட்டைதான்.

துண்டை நேராகத் திரவ நைட்ரஜனில் போடுவதுதான் வழக்கமான தப்பு. நைட்ரஜன் −196 டிகிரி, உண்மைதான். ஆனால் வெதுவெதுப்பான திசு பட்டதும் அது கொதித்து, துண்டைச் சுற்றி ஆவிப் போர்வை போர்த்திவிடுகிறது. குளிர் மெதுவாக உள்ளே போகிறது, படிகம் பெரிதாகிறது. அதனால்தான் நடுவில் ஐசோபென்டேன் என்ற திரவம். அதை ஸ்டீல் பீக்கரில் ஊற்றி நைட்ரஜனுக்குள் இறக்குங்கள். அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கினால் சுமார் −160 டிகிரி வந்துவிட்டது. அப்போது துண்டை முக்கி, ஆட்டிக்கொண்டே 10–15 விநாடி.

முக்குவதற்கு முன் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அறுவை அரங்கிலிருந்து சலைனில் மிதந்தபடி வரும் துண்டு அப்போதே பாதி கெட்டது. கொண்டுவர, சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸ் துணி போதும். அரை சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டினால் நடுப்பகுதி தாமதமாக உறையும். கார்க்கில் நார்கள் செங்குத்தாக நிற்கட்டும், அடியில் மட்டும் டிராககாந்த் பிசின். வெட்டுத் தடிமன் 8–10 மைக்ரான்.

நோயால் வரும் உண்மையான குழிக்கு கோமோரி டிரைகுரோம் சாயத்தில் சிவப்புத் துகள் விளிம்பு கட்டியிருக்கும், சில நார்களில்தான் இருக்கும். ஐஸ் ஓட்டைக்கு விளிம்பே கிடையாது. அந்தப் பகுதி முழுக்க எல்லா நாரிலும் பரவியிருக்கும். ஐஸ் என்று உறுதியானால், துண்டை இளகவிட்டு, ஒற்றி, முறைப்படி மறுபடி உறையவைத்துப் பாருங்கள். பல நேரம் படிக்கும் அளவுக்குத் தேறிவிடும்.

வாதநோய்ப் பிரிவிலிருந்து

உறையவைப்பதற்கும் முந்தைய தப்பு, தசையைத் தேர்ந்தெடுப்பதில். ஈஎம்ஜி (தசையின் மின்சோதனை) ஊசி குத்திய தசையில் பயாப்ஸி வேண்டாம். ஊசியே நார்ச் சிதைவையும் அழற்சியையும் உண்டாக்கும். ஈஎம்ஜி வலப்பக்கம் என்றால் பயாப்ஸி இடப்பக்கம். முழுக்க வற்றிய தசையையும் விடுங்கள், கொழுப்பும் வடுத்திசுவும்தான் கிடைக்கும். மிதமாக பலவீனமான தொடைத் தசையோ டெல்டாய்டோ (தோள் தசை) நல்லது. எம்ஆர்ஐ இருந்தால் ஸ்டிர் (கொழுப்பை மறைத்து நீரைக் காட்டும் வகை) படத்தில் வெளிச்சமாகத் தெரியும் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். அழற்சி திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

ஸ்டீராய்டு தொடங்கியிருந்தால் அளவையும் நாட்களையும் படிவத்தில் எழுதுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படும் நோயாளிக்கு பயாப்ஸிக்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது.

"அழற்சி செல் இல்லை" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து மயோசைட்டிஸ் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். எஸ்ஆர்பி, ஹெச்எம்ஜிசிஆர் என்பவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ள நசிவு வகை மயோசைட்டிஸில் நார்கள் செத்துக் கிடக்கும், லிம்போசைட் (அழற்சி செல்) ஒன்றிரண்டுதான் தென்படும்.

ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு சேர்க்கை

ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகள் கூடியிருப்பதைக் கல்லீரல் என்று நினைத்து மாதக்கணக்கில் சுற்றவிடுகிறார்கள். இரண்டும் தசையிலும் உண்டு. கல்லீரல் நொதியான ஜிஜிடி சாதாரணமாக இருந்தால் உடனே தசை நொதியான சிகே பாருங்கள். இதயம் பற்றிய சந்தேகத்துக்கு ட்ரோபோனின் ஐ (இதயத் தசைப் புரதம்) கேளுங்கள். ட்ரோபோனின் டி பழுதான எலும்புத் தசையாலும் ஏறும். ஏஎன்ஏ (செல்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனை) நெகட்டிவ் என்பதும், மயோசைட்டிஸில் வரும் ஜோ-1 எதிர்ப்பொருள் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. ஜோ-1 புரதம் கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருப்பது. ஸ்லைடில் கருவை மட்டும் பார்த்தால் தப்பிவிடும். லைன் பிளாட்டில் (எதிர்ப்பொருளைக் கோடாகக் காட்டும் பட்டைச் சோதனை) மங்கலாக ஒரு கோடு வந்தால் நோயாளியின் தோலையும் நுரையீரலையும் பார்த்துவிட்டு நம்புங்கள்.

மருந்து ஆய்வில் இருப்பவர்களுக்கு

எம்எம்டி-8 (எட்டுத் தசைகளின் வலிமையைக் கையால் சோதித்து மதிப்பெண் போடும் முறை) ஒரு பக்கத்துக்கு 80, இரு பக்கமும் சேர்த்து 150. கழுத்து ஒருமுறைதான் எண்ணப்படும், 160 என்று கூட்டிவிடாதீர்கள். ஆள் மாறினால் எண் மாறும். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஆள் சோதிக்கட்டும்.

மறுபடி ஆய்வகத்திலிருந்து

விட்டுப்போன ஒன்று: துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பாதீர்கள். எஸ்டிஹெச், சிஓஎக்ஸ் நொதிச் சாயங்கள் அதில் ஏறாது, அதை மீட்க வழியும் இல்லை. தனியாக ஒரு சின்னத் துண்டு மட்டும் அதில் போகட்டும். கீறுவதற்கு முன்பே ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டு, நைட்ரஜன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.