அரசு வேலைக்கு ஆளை இழுப்பது எது? ஆளெடுப்பு நோட்டிபிகேஷனில் பார்த்தவை, பகிருங்கள்

நெய்வேலிக்காரன்:
கேட் (பொறியியல் படித்தவர்கள் எழுதும் தேசியத் தேர்வு) மதிப்பெண் வைத்து ஆளெடுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களைப் பற்றி. பெரிய நிறுவனங்களுக்கு அரசு தரும் மகாரத்னா, நவரத்னா என்ற பட்டமே பாதி விளம்பரம். மீதிப் பாதி "சிடிசி (ஒருவருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) இத்தனை லட்சம்" என்ற ஒற்றை வரி. சிக்கலே அந்த வரிதான்.

ஈ2 என்ற அதிகாரி நிலையில் அடிப்படைச் சம்பளம் 50,000–1,60,000. ஆண்டுக்கு 3% உயர்வு, அதாவது முதல் முறை 1,500 ரூபாய். இதர படிகள் அடிப்படைச் சம்பளத்தில் 35% வரை, தொடக்கத்தில் உச்சம் 17,500. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஏ (அகவிலைப்படி) மாறும். இவ்வளவுதான் கையில் வரும் பணம். பிஎஃப், கிராஜுவிட்டி, ஓய்வூதியப் பங்கு, லாபத்தை ஒட்டிய பிஆர்பி என்ற ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்தால்தான் அந்த "லட்சம்" வரும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தால் வீட்டு வாடகைப்படியும் கிடையாது. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் பையன்கள் முகம் வாடுவது இதனால்தான். நோட்டிபிகேஷனிலேயே கையில் வருவது, பின்னால் வருவது என்று இரண்டு பத்தியாகப் போட்டால் பிரச்சினையே இல்லை.

தாள்திருத்தி:
சரி. இன்னொன்றும் உண்டு. கேட் மதிப்பெண் 3 ஆண்டு செல்லும், ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் அந்த ஆண்டு மதிப்பெண்ணை மட்டுமே ஏற்கும். மேல் வரிசையில் இருக்கும் அதே ஆட்களுக்கு நாலு இடத்திலிருந்து அழைப்பு போகும். அவர்கள் ஒன்றில் சேர்ந்ததும் மற்ற மூன்றில் இடம் காலி. இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று பாண்டு போட்டுக் கட்டிவைப்பது சேர்ந்தவருக்குத்தான். சேராமலே போனவரை அது என்ன செய்யும்? காத்திருப்போர் பட்டியல் உண்டா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை முதலிலேயே அச்சடிப்பதுதான் வழி.

ரயிலடி:
கூட்டம் சேர்ப்பது வேறு, பெயரைக் காப்பது வேறு. ரயில்வேயின் என்டிபிசி (எழுத்தர், ஸ்டேஷன் மாஸ்டர் போன்ற பணிகளுக்கான தேர்வு), 2019: 35,281 இடத்துக்கு ஒன்றேகால் கோடி விண்ணப்பம். முதல் கட்டத் தேர்வு 2020 டிசம்பரில்தான் தொடங்கியது, முடிவு 2022 ஜனவரியில். இடங்களைப் போல் 20 மடங்குப் பேரை அடுத்த கட்டத்துக்கு எடுப்போம் என்றார்கள். ஒரே ஆள் பல சம்பள நிலைகளில் தேறினால் ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக எண்ணியதால், ஏழு லட்சம் பதிவெண் இருந்தும் உண்மையான ஆட்கள் அதைவிட மிகக் குறைவு. பீகாரில் தேர்வர்கள் போராட்டத்தில் ரயில் எரிந்ததே அப்போதுதான். 2024-ல் எந்தத் தேர்வு எப்போது என்ற ஆண்டு அட்டவணை வெளியிட ஆரம்பித்தார்கள். ஐந்து வருடம் முன்னால் செய்திருக்கலாம்!

மருந்துச்சீட்டு:
ஆள் வராத இடத்துக்கு வரவழைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எம்பிபிஎஸ் முடித்தவரை இழுப்பது சம்பளம் இல்லை, மேற்படிப்பு. தமிழ்நாட்டில் பட்ட மேற்படிப்பு அரசு இடங்களில் 50% பணியில் இருக்கும் அரசு மருத்துவருக்கு. இடையில் மத்திய விதிகளால் இது நின்றுபோய், 2020 ஆகஸ்ட் 31 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மாநிலத்துக்கு அந்த உரிமை திரும்பியது. கடினப் பகுதியில் வேலை பார்க்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேற்படிப்புக்கான நீட் மதிப்பெண்ணில் 10% வரை, மொத்தத்தில் உச்சம் 30% ஊக்க மதிப்பெண் என்ற விதியும் உண்டு. எந்த ஊர் கடினப் பகுதி என்ற பட்டியலைப் பணியிடக் கலந்தாய்வுக்கு முன்பே தராவிட்டால் இதெல்லாம் வீண். ஊரைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கு அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

நெய்வேலிக்காரன்:
@மருந்துச்சீட்டு, அப்படியே இங்கும். "இந்தியாவில் எங்கும் பணியமர்த்தப்படலாம்" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அட்டையில் நீச்சல்குளப் படம். பணியிடப் பட்டியலை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் விண்ணப்பம் கொஞ்சம் குறையும். வந்தவர் பாதியில் பெட்டி கட்ட மாட்டார்.